குண்டில்லாச் சாதகம்: கைத்துப்பாக்கிச் சுடுதலும் வீட்டுப் பயிற்சியும்

1. பொருளும் எல்லையும்

கைத்துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் கலையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் செயல்கள் யாவும் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்னரே நடந்து முடிந்துவிடுகின்றன என்பதும், அச்செயல்களுள் பெரும்பாலானவற்றைக் குண்டே இல்லாமல், ஓசையே இல்லாமல், ஒரு வீட்டுக் கூடத்தின் வெள்ளைச் சுவருக்கு எதிரே நின்று கற்றுத் தேறலாம் என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முனையும் கருத்தாகும். சுடுதளத்தில் எழும் ஓசையும் இலக்கு அட்டையில் விழும் துளையும் காதுக்கும் கண்ணுக்கும் முதலில் எட்டுபவை ஆதலால், அவ்விரண்டுமே சுடுதல் என்று புதியவர் எண்ணுவது இயல்பு. ஆனால் நிற்கும் நிலை, கையின் பிடி, மூச்சின் ஒழுங்கு, கண்ணின் கவனம், விரலின் அழுத்தம் ஆகிய ஐந்தும் ஒருசேர ஒத்துழைத்தபின் எஞ்சும் விளைவே அத்துளை; ஐந்தில் ஒன்று பிசகினாலும் அப்பிசகைத் துளை காட்டிக்கொடுக்குமே தவிர, திருத்திக்கொடுக்காது.

தமிழ் இசை மரபில் இதற்கு நிகரான ஒன்றைக் குறிக்கப் பழகிய சொல் ஒன்று உண்டு. கச்சேரி மேடையில் ஒரு மணி நேரம் பாடுவதற்காகப் பாடகர் விடியற்காலைகளில் வீட்டில் தனித்திருந்து வரிசைகளையும் அலங்காரங்களையும் திரும்பத் திரும்பப் பாடிக் குரலைப் பதப்படுத்துவதைச் சாதகம் என்பர். சாதகத்துக்குக் கேட்போர் இல்லை, கைதட்டல் இல்லை. எனினும் மேடையில் நிற்பது அந்தச் சாதகமே. கைத்துப்பாக்கிச் சுடுதலிலும் இத்தகைய ஒரு சாதகம் உண்டு. குண்டு இடாத துப்பாக்கியை உயர்த்தி, குறி பார்த்து, விசையை அழுத்தி, மீண்டும் தாழ்த்தும் இப்பயிற்சியை இந்தியச் சுடுதளங்களில் டிரை பிராக்டிஸ் என்றும், விசையை அழுத்தாமல் துப்பாக்கியை நீட்டிப் பிடித்து அசையாமல் நிற்பதை மட்டும் ஹோல்டிங் என்றும் வழங்குவர்.

இவ்வுரை போட்டி விளையாட்டாகிய துப்பாக்கி சுடுதலைப் பற்றியது. அதிலும் காற்றழுத்தத்தால் சிறு ஈயக் குண்டைச் செலுத்தும் ஏர் பிஸ்டல் என்னும் கைத்துப்பாக்கியைக் கொண்டு 10 மீட்டர் தொலைவில் நடைபெறும் போட்டியையே சிறப்பாக எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் பெரும்பாலான பிஸ்டல் வீரர்கள் தொடங்கும் இடம் அதுவே என்பதும், வீட்டுக்குள் முறையாகப் பழகுவதற்கு ஏற்றதும் அதுவே என்பதும் இத்தெரிவுக்குக் காரணங்கள்.

2. அளவுகள் கற்பிக்கும் பாடம்

பன்னாட்டு விதிகளின்படி ஏர் பிஸ்டலின் குழல் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர், துப்பாக்கியின் எடை 1500 கிராமுக்கு மேற்படலாகாது, விசையை இயக்கத் தேவைப்படும் அழுத்தம் 500 கிராமுக்குக் குறையலாகாது. இலக்கு அட்டை 170 மில்லிமீட்டர்ச் சதுரம். அதன் நடுவே கண்ணுக்குத் தெரியும் கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மில்லிமீட்டர், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 11.5 மில்லிமீட்டர், அதாவது ஒரு சட்டைப் பொத்தானின் அகலம். வீரர் ஒரு கையால் மட்டுமே துப்பாக்கியைப் பிடித்து, மணிக்கட்டுக்கு எவ்வித முட்டுமின்றி, 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். மற்றொரு கையைக் காற்சட்டைப் பையிலோ இடுப்பு வாரிலோ செருகிக்கொள்வது பலரது வழக்கம். தொங்கும் கை அசைந்தால் உடலும் அதனுடன் அசையும் என்பதே அதன் காரணம்.

இவ்வளவுகளைக் கொண்டு ஒரு சிறு கணக்கைச் செய்து பார்த்தால், பயிற்சியின் நேரம் எங்கே செலவிடப்பட வேண்டும் என்பது தெளிவாகும். துப்பாக்கியின் மேற்புறத்தில் இரண்டு குறிகள் உள்ளன. கண்ணுக்கு அருகில் உள்ள பின்குறி, நடுவே சதுரமாக வெட்டப்பட்ட காடி ஒன்றை உடையது. குழலின் நுனியில் உள்ள முன்குறி, நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு கட்டை. காடியின் நடுவில், இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம் தெரியும்படி, மேல் விளிம்புகள் ஒரே கோட்டில் அமையும்படி முன்குறியை நிறுத்துவதே குறிகளை இசைத்தல் எனப்படும். இவ்விரு குறிகளுக்கும் இடையே 350 மில்லிமீட்டர் தொலைவு இருப்பதாகக் கொண்டால், முன்குறி காடியின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகும்போது, அவ்விலகல் 10 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 28.6 மில்லிமீட்டராகப் பெருகும். இலக்கின் வட்டங்கள் ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், பத்தில் விழ வேண்டிய குண்டு ஏழில் விழும். மாறாக, குறிகள் இசைந்தபடியே இருந்து, கை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் ஒரு மில்லிமீட்டரே நகரும். அது பத்துக்குள்ளேயே விழுந்துவிடும்.

புதியவரின் அச்சமும் தேர்ந்தவரின் அறிவும் பிரியும் இடம் இதுவே. கை ஆடுகிறதே என்று புதியவர் வருந்துகிறார்; கை ஆடாத மனிதர் எவரும் இல்லை என்பதையும், அந்த ஆட்டம் சிறியதாகவும் சீரானதாகவும் இருக்கும்வரை அது குற்றமன்று என்பதையும், குறிகளின் இசைவு குலைவதே உண்மையான குற்றம் என்பதையும் தேர்ந்தவர் அறிந்திருக்கிறார். கையின் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு குறிகளின் இசைவைக் காப்பது என்னும் இந்த மனப்பழக்கத்துக்கு ஈயக் குண்டு எதுவும் தேவையில்லை.

2024 ஜூலை 28 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கின் சுடுதல் போட்டிகள் நடைபெற்ற ஷாத்தோரூ நகரில், மனு பாக்கர் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்று, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். அக்கட்டத்தில் அவரைவிட 0.1 புள்ளி கூடுதலாகப் பெற்றிருந்த தென் கொரியாவின் கிம் யே-ஜி வெள்ளிக்கான போட்டியில் நீடித்தார். பதின்மக் கணக்கில் 0.1 புள்ளி என்பது இலக்கு அட்டையில் 0.8 மில்லிமீட்டர். பதக்கத்தின் நிறம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் மாறிவிடும் விளையாட்டில், விசையின்மேல் விரல் அமரும் முறை போன்ற சிறு பழக்கம்கூடச் சிறிதன்று.

3. முதல் திறன்: பாதுகாப்பு

பாதுகாப்பை முன்னுரையாகச் சொல்லிவிட்டுத் திறனுக்குச் செல்வது பல கையேடுகளின் வழக்கம். வீட்டுப் பயிற்சியைப் பொறுத்தவரை அவ்வழக்கம் போதாது. பாதுகாப்பே அங்கே கற்க வேண்டிய முதல் திறன். சுடுதளத்தில் கட்டளையிட ஓர் அலுவலர் இருக்கிறார், எல்லைக் கோடு இருக்கிறது, குண்டுகளைத் தாங்கும் தடுப்பு இருக்கிறது. வீட்டில் இவை மூன்றும் வீரரின் ஒழுக்கம் ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றன.

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றியவரும் கைத்துப்பாக்கிப் பயிற்சியின் ஆசான்களுள் ஒருவருமான ஜெஃப் கூப்பர் (1920–2006) நான்கு விதிகளைத் தொகுத்துப் பரப்பினார். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் குண்டுடையதாகவே கருதப்பட வேண்டும். அழிக்க மனமில்லாத எதன் பக்கமும் குழல்வாயைத் திருப்பலாகாது. குறிகள் இலக்கில் அமையும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கு எது, அதற்கு அப்பால் உள்ளது எது என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பன அவற்றின் சாரம். குண்டில்லாப் பயிற்சி என்ற பெயர் இவ்விதிகளில் ஒன்றையும் தளர்த்துவதில்லை. துப்பாக்கி காலியாக இருக்கிறது என்ற நம்பிக்கையே விபத்துகளின் தொடக்கம் ஆதலால், காலியான துப்பாக்கியிடம்தான் கூடுதல் விழிப்பு வேண்டும்.

எனவே வீட்டுப் பயிற்சிக்கு ஒரு சடங்கின் உறுதி தேவைப்படுகிறது. முதலில், ஈயக் குண்டுகள் உள்ள டப்பா பயிற்சி அறையை விட்டு வெளியே சென்றுவிட வேண்டும்; அறையில் குண்டே இல்லாதபோதுதான் பிழைக்கு இடமில்லாமற்போகும். அடுத்து, குண்டு இடும் வாயைத் திறந்து கண்ணாலும், பின்பு விரல் நுனியாலும், இருமுறை சோதிக்க வேண்டும். போட்டிகளில் ஏர் பிஸ்டலின் குழல் முழுவதும் ஊடுருவிச் செல்லும் நிற நாடா ஒன்றைச் செருகி, உள்ளே ஏதுமில்லை என்று காட்டுவர். இதனைப் பாதுகாப்புக் கொடி என்பர். வீட்டிலும் பயிற்சி தொடங்கும்வரையும் முடிந்த பின்பும் அக்கொடி குழலில் இருக்க வேண்டும். குறி வைக்கும் சுவர் செங்கல்லாலோ கான்கிரீட்டாலோ ஆனதாக, அதன் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாததாக இருக்க வேண்டும். கதவு, சன்னல், மெல்லிய தடுப்புப் பலகை ஆகியவற்றின் பக்கம் ஒருபோதும் திரும்பலாகாது. தெருவிலிருந்து பார்ப்பவர் அஞ்சாதபடி சன்னல் திரையை இழுத்துவிடுவதும், பயிற்சி நேரத்தை வீட்டார் அனைவருக்கும் சொல்லிவைப்பதும், அந்நேரத்தில் குழந்தைகள் அறைக்குள் வராதபடி பார்ப்பதும் இச்சடங்கின் பகுதிகளே.

பயிற்சியின் மிக ஆபத்தான கணம் அதன் நடுவில் இல்லை, முடிவில் இருக்கிறது. பயிற்சி முடிந்து, துப்பாக்கியை வைத்துவிட்டு, குண்டுகளை மீண்டும் கையில் எடுத்தபின், இன்னும் ஒரே ஒருமுறை என்று மனம் திரும்பும் அந்தக் கணத்தில்தான் காலியாக இருந்த துப்பாக்கி காலியில்லாததாக மாறிவிட்டிருக்கும். ஆகவே, பயிற்சி முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லி, கொடியைச் செருகி, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தனியே எடுத்து வைத்த பின்பே அறையை விட்டு வெளியேறுவது நல்ல பயிற்றுநர்கள் வற்புறுத்தும் ஒழுங்கு.

சட்டமும் இதனோடு சேர்த்து அறியத்தக்கது. இந்தியாவில் துப்பாக்கிகளை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் ஆள்கின்றன. குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கும், உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கும், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. வெடிமருந்தால் இயங்கும் 0.22 அங்குலப் போட்டித் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. உரிமம் வேண்டாதது என்பதால் ஏர் பிஸ்டல் விளையாட்டுப் பொருளாகிவிடாது. அதன் ஈயக் குண்டு ஒரு கண்ணைப் பறிக்க வல்லது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

4. சாதகத்தின் உறுப்புகள்

நிற்கும் நிலையிலிருந்து பயிற்சி தொடங்குகிறது. கால்கள் தோளகலத்துக்கு விரிந்து, எடை இரு கால்களிலும் ஒப்பப் பரவி, உடல் இலக்குக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். இங்கே இயல்பான குறிநிலை என்ற கருத்தை விளக்குதல் தகும். கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியை உயர்த்தி, சில நொடிகள் நிலைத்தபின் கண்களைத் திறந்தால், துப்பாக்கி எங்கே நோக்குகிறதோ அதுவே அந்நிலையில் உடல் தானாகத் தேர்ந்த இடம். அவ்விடம் இலக்கிலிருந்து விலகியிருந்தால் கையை வளைத்துச் சரிசெய்யலாகாது. தசையால் இழுத்துப் பிடித்த குறி, தசை தளர்ந்ததும் பழைய இடத்துக்கே திரும்பும். பின்காலைச் சிறிது நகர்த்தி, உடல் முழுவதையும் திருப்பி, மீண்டும் கண்மூடிச் சோதிக்க வேண்டும்.

பிடி என்பது இறுக்கமன்று, ஒருமைப்பாடு. அறுபது முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் உள்ளங்கை அமர வேண்டும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் புதிதாக இறுகினால் முன்குறி ஒரு பக்கமாகச் சாய்வதைக் காடியின் இருபுற வெளிச்சமே உடனே காட்டிவிடும். மூச்சைப் பொறுத்தவரை, துப்பாக்கியை உயர்த்தும்போது உள்ளிழுத்து, இலக்கின்மேல் இறக்கும்போது பாதியளவு வெளிவிட்டு, அடுத்த மூச்சு தானாக எழுவதற்கு முன்னுள்ள இயல்பான இடைவெளியில் விசையை அழுத்துவது பொதுவான முறை. அந்த இடைவெளி சில நொடிகளே நீடிக்கும். அதைத் தாண்டினால் கண் மங்கும், கை நடுங்கும், மனம் அவசரப்படும்.

கண்ணின் பணி எல்லாவற்றினும் நுண்ணியது. மனிதக் கண் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்று வெவ்வேறு தொலைவுகளை ஒரே நேரத்தில் தெளிவாகக் காண இயலாது. மேலே கண்ட கணக்கின்படி குறிகளின் இசைவே முதன்மையானது ஆதலால், கண்ணின் தெளிவு முழுவதும் முன்குறியின் மேல் விளிம்பில் நிலைக்க வேண்டும். கறுப்பு வட்டம் மங்கலான ஒரு பொட்டாகத் தெரிந்தால் போதும். இலக்கைப் பார்க்காமல் இலக்கை அடிப்பது என்னும் இவ்வுண்மையை அறிவு எளிதில் ஏற்கும். கண் எளிதில் ஏற்காது. விசை அழுந்தும் தறுவாயில் அது துளையைத் தேடி இலக்குக்கு ஓடிவிடும். இதனைத் திருத்தவே பயிற்றுநர்கள் வெள்ளைச் சுவர்ப் பயிற்சியைத் தருகின்றனர். புள்ளியோ வட்டமோ எதுவுமற்ற வெள்ளைச் சுவரை நோக்கித் துப்பாக்கியை நீட்டும்போது, கண் ஓடிச் செல்ல வேறு இடமில்லை. முன்குறியிலேயே அது தங்கக் கற்றுக்கொள்கிறது.

இனி விசை. போட்டிக்கு முன் நடுவர்கள் குழலை நிமிர்த்திப் பிடித்து, விசையில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, அது எழும்பும்வரை விசை விழாமல் இருக்கிறதா என்று சோதிப்பர். ஐந்நூறு கிராம் என்பது அரை லிட்டர் தண்ணீரின் எடை. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கருவியை நீட்டிய கையின் நுனியில் ஏந்திக்கொண்டு, அவ்வெடையில் பாதியளவு விசையை ஒற்றை விரலால் செலுத்தும்போது, அவ்வழுத்தம் நேர் பின்னோக்கி அமையாமல் இம்மியளவு பக்கவாட்டில் சாய்ந்தாலும் முன்குறி நகர்ந்துவிடும் என்பது எளிதில் விளங்கும். எனவே ஆள்காட்டி விரலின் நுனியெலும்பின் நடுத்தசை விசையில் அமர, மற்ற விரல்கள் சற்றும் இறுகாமல், அழுத்தம் படிப்படியாகக் கூட வேண்டும். விசை விழும் கணத்தைக் கட்டளையிட்டு வரவழைக்கலாகாது. அழுத்தம் வளர்ந்துகொண்டே போக, அது தானாக வந்து சேர வேண்டும்.

குண்டில்லாப் பயிற்சியின் தனிச்சிறப்பு இக்கணத்தில்தான் வெளிப்படுகிறது. குண்டு இட்டுச் சுடும்போது ஓசையும் சிறு உதைப்பும் எழுந்து, விசை விழுந்த கணத்தில் முன்குறி எங்கே இருந்தது என்பதை மறைத்துவிடுகின்றன. உடனே மனம் துளையைக் காண விழைகிறது. குண்டில்லாதபோது கேட்பது ஒரு மெல்லிய சொடுக்கு மட்டுமே. அச்சொடுக்கின் நேரத்தில் முன்குறி காடியின் நடுவில் அசையாமல் நின்றதா, இடப்புறம் துள்ளியதா, கீழே குனிந்ததா என்பது மறைப்பு ஏதுமின்றித் தெரிகிறது. இடப்புறம் துள்ளினால் விரல் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது. கீழே குனிந்தால் மணிக்கட்டு முந்திக்கொண்டிருக்கிறது. தன் பிழையைத் தானே காணும் இவ்வாய்ப்பை எவ்வளவு குண்டுகளைச் செலவிட்டாலும் சுடுதளம் இவ்வளவு தெளிவாகத் தருவதில்லை.

சொடுக்கு கேட்டவுடன் கையை இறக்கிவிடுவதும் ஒரு பிழையே. விசை விழுந்தபின்னும் ஓரிரு நொடிகள் குறிகளைப் பார்த்தபடியே நிலைத்திருப்பதை ஃபாலோ த்ரூ என்பர். விசை விழுவதற்கும் குண்டு குழலை விட்டு நீங்குவதற்கும் இடையே மிகக் குறுகியதாயினும் ஒரு கால இடைவெளி உண்டு; கையை இறக்கும் எண்ணம் அதற்குள் நுழைந்தால் குழலும் அசைந்துவிடும்.

இவை அனைத்துக்கும் மேலாக ஒரு திறன் உண்டு. அது சுடாமல் விடுவது. உயர்த்திய கை எட்டு, பத்து நொடிகளுக்குள் அமைதியுறவில்லை என்றால் துப்பாக்கியை மேசைக்குத் தாழ்த்தி, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்க வேண்டும். போட்டியில் ஒரு முறைக்குச் சராசரியாக 75 நொடிகள் உள்ளன; கைவிட்டு மீளப் போதிய நேரம் அது. ஆனால் கைவிடும் துணிவு போட்டி நாளில் திடீரெனப் பிறப்பதில்லை. வீட்டில், யாரும் பார்க்காத இடத்தில், பிசகிய முயற்சிகளை நூறு முறை தாழ்த்திப் பழகியவருக்கே அது கைவரும்.

5. கருவியும் அறையும்

எல்லாக் கைத்துப்பாக்கியும் குண்டின்றி விசை இழுக்கப்படுவதைத் தாங்குவதில்லை என்பது பலரும் அறியாத செய்தி. இன்றைய போட்டி ஏர் பிஸ்டல்களில், காற்றை வெளியேற்றாமல் விசையை மட்டும் இயக்கும் அமைப்பு பெரும்பாலும் உடன் அமைந்திருக்கிறது. மொரினி, ஸ்டெயர் போன்ற நிறுவனங்களின் கருவிகள் இத்தகையவை. சுருள்வில்லால் உந்துதண்டைத் தள்ளும் பழைய வகைக் காற்றுத் துப்பாக்கியிலோ, குண்டு இல்லாதபோது உந்துதண்டு எதிர்ப்பின்றிப் பாய்ந்து முகப்பில் மோதிச் சேதமுறும். 0.22 அங்குலத் துப்பாக்கியில், தோட்டாவின் விளிம்பைத் தாக்க வேண்டிய ஊசி, தோட்டா இல்லாதபோது தோட்டா அமரும் அறையின் விளிம்பையே தாக்கிப் பழுதாக்கலாம். அதற்கெனப் போலித் தோட்டாக்கள் உண்டு. ஆகவே கருவியின் கையேட்டைப் படித்த பின்பே பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

பத்து மீட்டர் நீளமுள்ள கூடம் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை, அது தடையுமன்று. கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றும்படி இலக்கைச் சுருக்கிக்கொண்டால் போதும். 10 மீட்டரில் 59.5 மில்லிமீட்டராக உள்ள கறுப்பு வட்டம் 5 மீட்டரில் ஏறத்தாழ 30 மில்லிமீட்டராகவும், 3 மீட்டரில் ஏறத்தாழ 18 மில்லிமீட்டராகவும் வரையப்பட வேண்டும். உயரத்தையும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சுடுதளத்தில் இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒருவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பின், 10 மீட்டரில் பார்வை 20 சென்டிமீட்டர் தாழ்கிறது. 3 மீட்டரில் அது 6 சென்டிமீட்டரே தாழும் ஆதலால், சுவரில் வட்டத்தின் மையம் 1.54 மீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். இத்திருத்தத்தைச் செய்யாமல் 1.4 மீட்டரிலேயே ஒட்டினால், தோள் தவறான கோணத்தைப் பழகிக்கொள்ளும்.

நாளொன்றுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் இதற்குப் போதுமானது. ஹோல்டிங் சில நிமிடங்கள், வெள்ளைச் சுவர் பத்து நிமிடம், சுருக்கிய இலக்கு பத்து நிமிடம் என வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே கைக்கு ஓய்வு தந்து, மொத்தம் முப்பது நாற்பது முயற்சிகளோடு நிறுத்திக்கொள்வது நன்று. களைத்த தசை பிழையையே மனப்பாடம் செய்யும்.

6. சான்றாகும் வாழ்க்கைகள்

உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்னும் சிற்றூர் உள்ளது. 1999-ஆம் ஆண்டளவில், அறுபது வயதைக் கடந்த சந்திரோ தோமர் என்னும் பாட்டி, பேத்தியைத் துணையாக அழைத்துச் சென்ற இடத்தில் ஏர் பிஸ்டலைக் கையில் எடுத்தார். அவரும் அவருடைய ஓரகத்தி பிரகாஷி தோமரும் மூத்தோர் போட்டிகளில் பல பதக்கங்களை வென்றனர். முக்காடு விலக்காத குடும்பச் சூழலில் வாழ்ந்த சந்திரோ, வீட்டார் உறங்கிய பின்னர், நீர் நிறைந்த குடுவையைக் கையை நீட்டி ஏந்தியபடி அசையாமல் நின்று பழகினார் என்பது அவரைப் பற்றி எங்கும் சொல்லப்படும் செய்தி. இச்செய்தியை ஒரு முதுமகளின் பிடிவாதமாக மட்டும் கொள்வது போதாது; அது ஹோல்டிங் பயிற்சியின் இலக்கணத்துக்கு முற்றும் பொருந்துவது. நீட்டிய கையின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தாங்கும் தோள் தசைக்கு, அவ்வெடை எஃகால் ஆனதா, தண்ணீரால் ஆனதா என்பது பொருட்டன்று. மேலும், குடுவையின் நீர்மட்டம் கையின் ஆட்டத்தை உடனுக்குடன் காட்டும் கருவியாகவும் ஆகிறது. சந்திரோ தோமர் 2021 ஏப்ரல் 30 அன்று கொரோனா தொற்றால் மறைந்தார். ஒரு துப்பாக்கி ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்கும் விளையாட்டில், சமையலறையில் இருந்த பாத்திரத்தைக் கொண்டு பயிற்சியை அமைத்துக்கொண்ட அவருடைய வழி, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் உரிய பாடம்.

அங்கேரி நாட்டு இராணுவ வீரர் காரோய் தகாச் 1938-இல் பயிற்சியின்போது வெடிகுண்டு ஒன்று கையிலேயே வெடித்ததால் சுடும் கையாகிய வலக்கையை இழந்தார். எவருக்கும் தெரியாமல் இடக்கையால் பழகி மீண்ட அவர், 1948 இலண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் தங்கம் வென்றார். ஒரு கை கற்றதை மற்றொரு கைக்குத் தொடக்கத்திலிருந்து கற்பிக்க முடிந்தது என்பதிலிருந்து, திறன் என்பது பிறவிக் கையில் இல்லை, ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கிறது என்பது பெறப்படும். 2008-இல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ரா, சண்டிகருக்கு அருகே தம் வீட்டிலேயே அமைந்த சுடுதளத்தில் பழகியவர். குடுவைக்கும் சொந்தச் சுடுதளத்துக்கும் இடையே செல்வத்தின் தொலைவு பெரிது. ஆயினும், தனிமையில் நாள்தோறும் திரும்பச் செய்தல் என்னும் முறை இரண்டிலும் ஒன்றே.

7. வீட்டின் எல்லை

வீட்டுப் பயிற்சியைப் போற்றும் உரை அதன் குறைகளையும் சொல்லக் கடமைப்பட்டது. சாதகம் செய்பவரின் சுருதி தவறாக இருந்தால், சாதகம் கூடக்கூடத் தவறும் உறுதிப்படும். பிடியிலோ நிலையிலோ உள்ள பிழையைத் தனியே பழகுபவர் ஆயிரம் முறை செய்து எலும்பில் ஏற்றிக்கொள்ள நேரும். ஆகவே முதலில் சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் உள்ள ரைபிள் கிளப் ஒன்றில் சேர்ந்து, பயிற்றுநரின் கண்முன் அடிப்படைகளைக் கற்ற பின்பே வீட்டுப் பயிற்சி தொடங்க வேண்டும். தொடங்கிய பின்னும் குறித்த இடைவெளிகளில் அவர் பார்வைக்கு வர வேண்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை முயற்சி, எத்தனை கைவிடல், சொடுக்கின்போது முன்குறி எப்பக்கம் நகர்ந்தது என்பவற்றை ஒரு நோட்டில் எழுதிவைப்பது, பயிற்றுநர் இல்லாத நாள்களில் அவருடைய இடத்தை ஓரளவு நிரப்பும்.

போட்டியின் அழுத்தத்தையும் எதிர்பாராமையையும் வீடு முழுவதும் கற்பித்துவிடாது. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் துப்பாக்கி இடையில் பழுதுற, பொன்னான நிமிடங்கள் கழிந்து, அவர் இறுதிச் சுற்றுக்குள் நுழைய இயலாமற்போனது. ஓடும் கடிகாரத்தின் முன் அத்தகைய கணத்தை எதிர்கொள்ளும் நிதானம் களத்திலும்தான் விளைய வேண்டும். ஆயினும் 2020-இல் ஊரடங்கு உலகெங்கும் சுடுதளங்களைப் பூட்டியபோது, வீரர்கள் தம் அறைகளிலும் கூடங்களிலும் டிரை பிராக்டிஸைத் தொடர்ந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில், வீட்டில் மின்னணு இலக்கு வைத்திருந்தோர் பலர் இணையவழிப் போட்டியிலும் கலந்துகொண்டனர். பூட்டிய நாள்களில் விளையாட்டைக் காத்தது வீட்டுச் சுவரே.

வீட்டில் உண்மையான ஈயக் குண்டுகளைச் சுட விரும்புவோருக்கு 10 மீட்டர் இடமும், குண்டைத் தெறிக்கவிடாமல் வாங்கிக்கொள்ளும் எஃகுப் பெட்டியும், காற்றோட்டமும் தேவை. ஈயம் நஞ்சு ஆதலால் பயிற்சி முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவிய பின்பே உணவைத் தொட வேண்டும். இவற்றுக்கு வழியில்லாதவர் இழப்பது அதிகமன்று; ஏனெனில் கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதி குண்டின்றியே கற்கக்கூடியது.

8. முடிவுரை

கைத்துப்பாக்கி அழிவுக்காகப் பிறந்த கருவி; அதனை ஒரு சட்டைப் பொத்தான் அளவுள்ள வட்டத்தின் முன் அமைதியாக நிற்கும் கலையாக மாற்றியது போட்டி விளையாட்டு. அம்மாற்றம் கருவியில் நிகழவில்லை. அதைப் பிடிக்கும் மனிதரின் மூச்சிலும் கண்ணிலும் விரலிலும் நிகழ்ந்தது. விசைக்கு வெளியே விரலை வைத்திருக்கும் பழக்கமும், பிசகிய முயற்சியைத் தாழ்த்திவிடும் பழக்கமும், முடிந்ததும் பூட்டிச் சாவியை எடுத்துவைக்கும் பழக்கமும் ஒரே ஒழுக்கத்தின் மூன்று முகங்கள். இவ்வொழுக்கம் வளரும் வீட்டில், பத்துப் புள்ளியைத் தேடும் பிள்ளை கூடவே தன்னை அடக்கவும் கற்றுக்கொள்கிறது. வெள்ளைச் சுவரின் முன் கையை உயர்த்தி, குறிகள் இசையாததைக் கண்டு, விசையைத் தொடாமலே கையைத் தாழ்த்தும் அந்த ஒரு முயற்சியில் இலக்கு அட்டையில் துளை எதுவும் விழுவதில்லை. ஆனால் வீரர் உருவாவது அங்கேதான்.